பிரின்சியை நர்ஸாக்கிய ஆஸ்பத்திரி

திருவள்ளூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி யேசுதாஸுக்கு,

அக்காள் ரோசம்மாள் எழுதுவது. நான் நலம், ஆரம்பாக்கத்தில் உங்களையும் ஆண்டவர் சுகமாய் வைத்திருப்பாராக. கோபம் தணிந்தபின் எழுதலாம் என்றிருந்தேன். தணியவில்லை.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட உன் பேத்திக்கு மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்துவிட்டார்கள், ஆனால் பால் உறிஞ்சத் தெம்பில்லை, எடை ஏறினால்தான் பிழைப்பாள் என்கிறார்கள். இந்நேரத்தில் பெற்றவள் காதில் பஞ்சு வைத்து, போர்த்திப் படுத்திருக்க வேண்டாமா? உன் மகள் பிரின்சியோ குழாயில் பால் விடுகிறாள், துணி மாற்றுகிறாள், மீதிப் பொழுதெல்லாம் குழந்தையை வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். சம்பளம் வாங்கும் நர்ஸ் தமிழ்செல்வி பக்கத்தில் நின்று பார்க்கிறாள்! கேட்டால், "கண்ணாடிப் பொட்டி சூடு குடுக்கும் ஆயா, பேசிக்கினே சூடு குடுக்குமா?" என்கிறாள். ஆயாவாம்!

சுத்தம் சுத்தம் என்கிறார்களே என்று நான் குளித்து, கஞ்சி போட்ட சேலை உடுத்தி, பவுடரும் கொலோனும் பூசிப் போனால் வாசலிலேயே மடக்கினாள். "இன்னா ஆயா, கல்யாணத்துக்கா கெளம்பிட்டே? செண்டு ஆவாது. கொழந்தைக்கு அம்மா வாசனைதான் தெரியணும். போய் கழுவிக்கினு வா." கான்வென்ட்டில் மதர் சுப்பீரியர்கூட என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.

அதோடு விட்டார்களா? கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடித்து வந்த மாப்பிள்ளை பீட்டரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, அவர் மார்பிலும் கட்டிவிட்டார்கள். ஆண்பிள்ளை! வெட்கமில்லாமல் பாட்டு வேறு பாடுகிறார்.

"போய்ப் படுடி" என்று பிரின்சியை அதட்டினேன். "கண்ணாடிக்கு வெளிய நின்னப்போ யார் புள்ளையோன்னு இருந்திச்சி அத்தே. இப்பதான் நான் பெத்தேன்னே தோணுது. பேஜார் பண்ணாதே" என்கிறாள். வாய் அப்படியே உன் மனைவியுடையது.

ஆகவே சனிக்கிழமை காரோடு வந்து இவளை வீட்டுக்கு அழைத்துப் போ. குழந்தையை நர்சுகள் பார்க்கட்டும், நர்சுகள் வேறெதற்கு?

என் ஜெபத்தில் உங்கள் வீட்டார் எல்லோரும் உண்டு. தமிழ்செல்வி இன்றைக்கு இல்லை.

உன் அக்காள்,
ரோசம்மாள்

பி.கு.: கார் வேண்டாம். பீட்டர் வேலைக்குப் போய்விட்டார், பிரின்சி சாப்பிடப் போக வேண்டியிருந்தது, தமிழ்செல்வி என்னைப் பார்த்தாள். நான் பிள்ளை பெறாதவள் என்றேன். "அதனால இன்னா ஆயா, சூடு இருக்குதில்ல?" என்றாள். இதை நான் சொல்லச் சொல்ல, சாப்பிட்டு வந்த பிரின்சி எழுதுகிறாள். என் மார்பில் ஒருத்தி தூங்குகிறாள், எனக்குக் கை ஒழியவில்லை. குழந்தையைப் பிரின்சியிடம் இன்னும் கொடுக்கவில்லை. நீ வந்தால் குளித்துவிட்டு வா. செண்டு ஆகாது. வாசலில் நானே முகர்ந்து பார்ப்பேன்.