கனடாக் குளிரும் என் வரவேற்புரையும்

எனக்கு மூளை கொஞ்சம் குறைவு. கல்யாணமாகி ஒரு கிழமையிலேயே மனைவி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அது ஒரு பல்கனியில், ஒரு கனடாக்காரருக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது.

எங்கள் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கென்று மனைவியின் அண்ணன் குகன் ரொறன்ரோவிலிருந்து நாங்கள் வசிக்கும் ஒஸ்லோவுக்கு வந்திருந்தார். வரவேற்புரை என்னுடையது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நாள்கணக்காய்ப் பேசிப் பழகியிருந்தேன். (கண்ணாடி இரண்டு இடத்தில் கண்கலங்கியது.)

அரங்கேற்றத்துக்கு முதல்நாள் பின்னேரம் தேத்தண்ணியோடு குகன் தன் தெருவைப் பற்றிச் சொன்னார். கனடாக்காரர் பரம சாதுக்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்? பக்கத்து வீட்டில் பனி அள்ளும் சத்தம் கேட்டால் இவர் கட்டிலிலிருந்து பாய்வாராம். பக்கத்து வீட்டுக்காரன் இவர் வாசலிலும் ஒரு முழம் சேர்த்து அள்ளிவிட்டுப் புன்னகைப்பானாம். அடுத்த பனிக்கு இவர் அவன் வாசலில் இரண்டு முழம். நத்தார் விளக்கு, புல்வெளி, யார் முதலில் மன்னிப்புக் கேட்பது, எல்லாவற்றிலும் போட்டி. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. வென்றால் வாய்விட்டுச் சொல்வீர்களா என்று துருவினேன்.

"சொல்லுறேல்லை மச்சான். சிரிச்சுக்கொண்டு வெல்லோணும்." பிறகு யன்னலைப் பார்த்தார். "உங்கட குளிர் பரவாயில்லை. பிள்ளையள் விளையாடுற குளிர்."

நோர்வேயின் மானம் என் கையில். ஜக்கற் இல்லாமல் பல்கனியில் நின்று கதைப்போம் என்று கூப்பிட்டேன்.

ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில், எங்கள் வீடு எட்டாம் மாடி. முதலில் காது போனது. பிறகு மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். குகனோ கடற்கரையில் நிற்பவர்போல ரொறன்ரோ வீட்டு விலைகளை விளக்கினார். என் பற்கள் தாளம் போட்டன. (மகளின் ஆட்டத்துக்கு அவள் குரு செய்யும் நட்டுவாங்கத்தில்கூட அந்த வேகம் இல்லை.)

மனைவி கதவைத் திறந்தாள். "அண்ணைக்குத்தான் விசரெண்டால், உங்களுக்குமே?"

காற்று வாங்குகிறோம் என்றேன். அந்தக் கிழமை நான் சத்தமாகச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

மறுநாள் மேடையில் வாயைத் திறந்தேன். சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற சத்தம் வந்தது. திரையோரம் ஒப்பனையோடு நின்ற மகள் கண்ணை மூடிக்கொண்டாள். குகன் எழுந்து வந்து, மிகப் பணிவாக என் கையிலிருந்த தாளை வாங்கி, நான் கண்கலங்க வேண்டிய இடங்களில் தானே கலங்கி வாசித்தார். மண்டபமே கைதட்டியது. இன்றும் விருந்தாளிகளுக்கு மகள் அந்த வீடியோவைப் போட்டு, "பக்கத்திலை நிக்கிறவர்தான் சத்தமில்லாத அப்பா" என்று என்னை அறிமுகப்படுத்துவாள்.

அண்மையில் குகனோடு தொலைபேசியில் கதைத்தபோது, அந்தக் குளிரை எப்படித் தாங்கினீர்கள், கனடாவில் ஏதும் மூச்சுப்பயிற்சி பழக்குகிறார்களா என்று கேட்டேன்.

"உள்ளுக்கை ரெண்டு தேர்மல் பெனியன் போட்டிருந்தனான், மச்சான்."