காது குறைந்த பட்டாளம்

விழிதியூர், காரைக்கால்,
ஜூன் 1957

சைகோன் பட்டணத்தில் ஜவுளிக் கடை நடத்தும் மேன்மைமிகு மச்சான் கபீர் மரைக்கார் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை ஜொஹராவின் மாப்பிள்ளை நூகு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் ஜொஹராவும் ஆடுகளும் சுகம். ஆடுகளைக் கடைசியில் சொன்னது எழுத்து மரியாதைக்காக. சாப்பாட்டு வரிசையில் அவைதான் முதல். அங்கே தாங்களும் ஆரிபா லாத்தாவும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

ஜொஹரா எழுதிய கடிதம் இதற்குள் வந்திருக்கும். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலை எனக்காகக் காலிசெய்து வைக்கும்படி அதில் கேட்டிருப்பாள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் குர்பானிக்கென்று என் பண்ணையிலிருந்து ஓர் ஆடாவது விலைபோக வேண்டும். போகாவிட்டால் பண்ணையை மூடிவிட்டு நான் கப்பல் ஏற வேண்டும். "ஓர் ஆடுதானா?" என்று அன்று சிரித்தவன் நான். இப்போது சோறு இறங்கவில்லை. தங்கள் கடையை நான் குறைவாகச் சொல்லவில்லை மச்சான். ஆனால் அதே தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தின் சார்ஜெண்டாக, செர்ழான் பட்டையைத் தோளில் குத்திக்கொண்டு நடந்தவன் நான். எனக்குக் கீழே இருந்த சிப்பாய்களில் சிலர் இன்னமும் அங்கே காவல் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்க நான் பாவாடைத் துணி அளந்து கிழிக்க வேண்டுமா?

நடந்ததைச் சொல்கிறேன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தாவாக வந்து, இங்கே அம்பலவாணன் என்னும் விவசாயியின் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு டஜன் கிடாக்களை வாங்கிவிட்டேன். ஆடு மேய்ப்பது ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்தேன். காலையில் வரிசை, பிறகு கணக்கெடுப்பு, பிறகு மேய்ச்சல் என்று உத்தரவு போட்டேன். உத்தரவு ஆடுகளுக்கு எட்டவில்லை. அவை அம்பலவாணனின் நாற்றங்காலுக்குள் இறங்கின. அவர் வந்து, "சொல்தாவே, ஒங்க பட்டாளம் எங்க நாத்தங்கால்ல முகாம் போட்டுருக்கு, வந்து பாருங்க" என்றார். நான் போய்ப் பார்த்து, அவை என் ஆடுகள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். "பின்னே, என் மாமனார் வீட்டு ஆடா? ஆனா ஒண்ணு, ஒங்க ஆடு புழுக்கை போட்ட எடத்துல நாத்து கருகருன்னு வருது. அதனால சும்மா போறேன்" என்றார். கேள்வி கேட்டவன் நான்தானே. அடையாளம் வைக்க வேண்டிய பொறுப்பும் எனக்குத்தானே. பட்டாளத்தில் கோவேறு கழுதைகளுக்குக் காதோரத்தை வெட்டி நம்பர் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் ஜொஹராவுக்கு அனுப்பிய சைகோன் கத்தரியை எடுத்து வேலையை ஆரம்பித்தேன். முதல் ஆட்டுக்கு ஒரு வெட்டு, இரண்டாவதற்கு இரண்டு. ஜொஹரா வாசற்படியில் நின்று, "ஏங்க, பள்ளிவாசல் ஆலிம்சாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யக்கூடாதா?" என்றாள். நம்பர் போடுவதற்கு ஆலிம்சாவிடம் அனுமதி கேட்கும் பட்டாளம் உலகத்தில் இல்லை என்று பதில் சொன்னேன்.

போன வாரம் காரைக்காலிலிருந்து காதர் பாட்சா மரைக்கார் குர்பானிக்கு ஆடு பார்க்க வந்தார். பல்லைப் பார்த்தார், கொம்பைத் தடவினார், நடக்கவிட்டுப் பார்த்தார். "ஜோரா வளத்துருக்கியளே தம்பி" என்றார். எனக்குக் குளிர்ந்துபோயிற்று. பிறகு காதைத் தூக்கினார்.

"இது என்னா?"

"நம்பருங்க. இவன் நாலாம் நம்பர்."

"நம்பரு சரி. அந்த எடத்துல இருந்த காது எங்கே?"

"வெட்டினாத்தானுங்களே நம்பர்."

"அட என்னா மனுசன்யா நீ! காது கொறைஞ்ச ஆடு நம்ம ஷாபி மத்ஹபு சட்டத்துல குர்பானிக்கு ஆகுமா? அடுத்ததைக் காட்டு" என்றார். அடுத்ததைக் காட்டினேன். ஒருநாளும் என் உத்தரவுக்குப் பணியாத ஆடுகள் அன்று மட்டும் வரிசையாக நின்று, வெட்டுப்பட்ட காதை அவர் பக்கம் திருப்பிக் காட்டின.

அன்றே ஆலிம்சாவைப் போய்ப் பார்த்தேன். "ஹஜ்ரத், நல்ல நோக்கத்தோட வெட்டுனதுங்க" என்றேன். "நோக்கம் ஒங்களுக்கு இருக்கு தம்பி, காது ஆட்டுக்கு இல்லையே" என்றார். தைத்துவிட்டால் செல்லுமா என்று கேட்டேன். தொழுகைக்கு ஒளூ எடுக்க எழுந்து போய்விட்டார்.

ஆனால் மச்சான், நம்பிக்கை முழுதும் போகவில்லை. எனக்கு ஒரு படி கீழே கப்ரால் என்று நான் பதவி கொடுத்த ஒரு கறுப்புக் கிடா இருக்கிறது. பண்ணையிலேயே ஒழுங்கு கெட்ட ஜீவன். நம்பர் போட்ட அன்று வேலி தாண்டிப் போய் அம்பலவாணன் மனைவி தையல்நாயகியின் முருங்கையைத் தின்றுகொண்டிருந்ததால் அதன் காது இரண்டும் முழுசாகத் தப்பின. காதர் பாட்சா மரைக்கார் கிளம்புகிற நேரத்தில், அன்றும் வேலி தாண்டிப் போயிருந்த அது திரும்பி வந்தது. பார்த்தார், பிடித்துப்போயிற்று. நாளைக் காலை தாமே வந்து ஓட்டிப்போவதாகச் சொல்லி ஆளனுப்பியிருக்கிறார். ஓர் ஆடு! ஒப்பந்தம் நிறைவேறுகிறது. நாளை வரைக்கும் அந்த இரண்டு காதுகளைக் காப்பாற்றுவதுதான் பாக்கி. காதைக் கிழிக்காதபடி வேலியோரக் கள்ளிமுள்ளை வெட்டி எறிந்தேன், நாயை விரட்டினேன், காதுக்குத் துணி சுற்றிக் கட்டினேன். அந்தத் துணியையும் தின்றுவிட்டது. தங்கள் தங்கை இந்தக் கிடாவைச் சைத்தான் என்றுதான் கூப்பிடுவாள். அவள் முக்காட்டுத் தாவணியில் பாதி அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. சைத்தானுக்கென்று தனிச் சட்டியில் கஞ்சி ஊற்றித் திட்டிக்கொண்டே ஊட்டுவாள். நாளையோடு அவளுக்கும் அந்தத் தொல்லை ஒழிகிறது.

ஆகையால் ஸ்டூலை வேறு தகுந்த ஆளுக்குக் கொடுத்துவிடவும். நான் வரவில்லை. இது முடிவு. வியாபாரத்தில் பரக்கத்தும் உடம்பில் ஆரோக்கியமும் அல்லாஹ் தங்களுக்குத் தந்தருள்வானாக. ஆரிபா லாத்தாவுக்கு எங்கள் இருவர் சலாமும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை மறவாத
நூகு

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஆட்டுப் பட்டியை ஒருமுறை பார்த்து வரலாமென்று போனேன். கப்ராலின் இடது காது நுனியில் நகக்கண் அளவு துண்டைக் காணோம். மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. ஜொஹரா கிணற்றடியில் சைகோன் கத்தரியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் நறுக்குனேன். அத்தனை பேருக்கும் நம்பரு இருக்கையில இவன் ஒருத்தன் மட்டும் சும்மா நின்னா பட்டாளத்துக்கு அழகா?" என்றாள்.

"அப்போ ஒப்பந்தம்? கப்பல்?" என்றேன்.

"கப்பலா? நீங்க போயிட்டா இந்தச் சைத்தானுவொளுக்கு யாரு தண்ணி காட்டுறது? அம்பலவாணன் வயல்ல எருவுக்கு ராத்திரி ஆட்டைக் கிடை போட்டு நெல்லு வாங்கிக்கிறதுன்னு தையல்நாயகிட்ட பேசி முடிச்சாச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும்.

எல்லாம் சரி. ஆனால் காதர் பாட்சா மரைக்கார் விடிந்ததும் வந்துவிடுவார். நடந்ததை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டுமாம். மச்சான், அந்த ஸ்டூலை அதற்குள் யாருக்கும் கொடுத்துவிடவில்லையே? நாளைக் காலை ஒரு பொழுதுக்கு மட்டும் போதும்.