பந்தில் யாரோ கை வைத்துவிட்டார்கள்

ஆறாயிரத்து எண்ணூறு என்று காட்டியது பந்து.

வெள்ளத்துரை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே ஆறாயிரத்து எண்ணூறு.

“பதினோராயிரம் போன பந்து வே இது” என்றார், எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்த பேச்சிராஜாவிடம். “யாரோ கை வச்சிருக்கான்.”

“சுத்துத சாமான்னா தேயத்தானே செய்யும் அண்ணாச்சி” என்றான் அவன்.

அவன் அதைச் சொன்ன விதம் வெள்ளத்துரைக்குப் பிடிக்கவில்லை. தேயும் என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

மூன்று மாதத்துக்கு முன்புவரை சங்கரன்கோவில்–திருவேங்கடம் பஸ்ஸின் ஸ்டீயரிங் வெள்ளத்துரையிடம்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷம். பஸ் ஷெட்டில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கியர் போடுகிற கை. முதலாளி குருசாமி அவரை ஷெட் ஆபீஸில் உட்காரவைத்து டிரிப் ஷீட் எழுதச் சொல்லிவிட்டு, பேச்சிராஜாவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

கட்டுப் பிரித்ததும் பிசியோதெரபி விஜிதாதான் இந்தப் பந்தைக் கொடுத்தாள். பிளாஸ்டிக் பந்துக்குள் ஓர் இரும்புச் சக்கரம். கயிற்றைச் சுற்றி இழுத்துவிட்டு மணிக்கட்டை வட்டமாக ஆட்டினால் சக்கரம் உறுமிக்கொண்டு வேகமெடுக்கும். கடைசியாகச் சுற்றியபோது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று வரை போனது என்று மேலே எண் காட்டும்.

“ஆறாயிரம் வந்தாலே போதும் அண்ணாச்சி, அவசரப்படாதிய” என்றிருந்தாள் விஜிதா.

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு காலையில் ஆபீஸ் மேசையிலிருந்து பந்தை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். 11,214 என்றிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கண்ணாடி இல்லாமல் சுற்றியிருந்தார். இவ்வளவு வேகமாகவா சுற்றியிருக்கிறோம் என்று அவருக்கே மலைப்பாக இருந்தது. உடனே போனில் படம் பிடித்து முதலாளியிடம் ஓடினார்.

குருசாமி படத்தை நீட்டிப் பெரிதாக்கிப் பார்த்தார். “பதினோராயிரமா? அப்போ கை இரும்பாயிட்டுன்னு சொல்லும். கோயில்ல ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வருதுல்லா? அதுக்கு முந்தின திங்கக்கிழமை என் கண்ணு முன்னால சுத்திக் காட்டும். சாவியை வாங்கிக்கிடும்.”

அன்றிலிருந்து பந்து ஏழாயிரத்தைத் தாண்டவில்லை.

யாருக்கு லாபம் என்று யோசித்தார். வேறு யாருக்கு? பேச்சிராஜாவுக்குத்தான். பந்தையே மாற்றி வைத்திருப்பானோ?

இனிமேல் மாற்றினால் தெரிய வேண்டும் என்று, ஆறாயிரத்து எண்ணூறு காட்டிய அன்றைக்கே மனைவி இசக்கிசெல்வியின் நகப்பாலிஷை எடுத்து, உள்ளே இருக்கும் சக்கரத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பெரிய பொட்டு வைத்தார்.

மறுநாள் சுற்றியபோது பந்து கைக்குள் கிடந்து உதறியது. ஐயாயிரத்து முந்நூறு.

“பொட்டு இருக்கு, பந்து அதேதான்” என்றார் மனைவியிடம். “ஆனா உள்ள என்னமோ பண்ணியிருக்கான். நேத்து இப்படி ஆடல்ல.”

“நேத்து பொட்டு இல்லல்லா?” என்றாள் இசக்கிசெல்வி.

“ஒனக்கு மெஷினைப் பத்தி என்னட்டி தெரியும்?”

இனி ஆள் வைத்துப் பார்ப்பதுதான் வழி என்று முடிவு செய்தார். ஷெட்டில் பஸ் கழுவி, ஆபீஸ் பெருக்கி, மேசை துடைக்கிற கோமதித்தாயை ஓரமாகக் கூப்பிட்டார்.

“இந்தா பாரு கோமதி. இனிமே பேச்சிராஜா, பந்து வச்சிருக்க என் பை கிட்ட வந்தா எனக்குச் சொல்லணும். ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.”

கோமதித்தாய் முகம் வெளிறித் தலையாட்டினாள். பொறுப்பான பொம்பளை, விஷயத்தின் கனம் புரிந்திருக்கிறது என்று வெள்ளத்துரை நினைத்துக்கொண்டார்.

சாயங்காலமே தகவல் வந்தது. “வந்தான் அண்ணாச்சி. பை கிட்ட நின்னான். ஆணியில தொங்குன டிரிப் ஷீட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.”

“டிரிப் ஷீட்டு எடுக்க வந்தவன் மாதிரி வந்திருக்கான்” என்று திருத்தினார் வெள்ளத்துரை. பந்தை அங்கேயே காதோரம் வைத்து ஆட்டினார். கரகரவென்றது. மண் போட்டிருக்கிறான்!

வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெயை எடுத்துப் பந்தின் இடுக்கில் தாராளமாக ஊற்றினார். கரகரப்பு நின்றது. கூடவே பந்தும் நின்றது. கயிற்றை இழுத்தால் சக்கரம் கொஞ்ச நேரம் சும்மா வழுக்கிச் சுற்றி ஓய்ந்துவிட்டது. மணிக்கட்டை எத்தனை ஆட்டினாலும் பிடிக்கவில்லை. சட்டையெல்லாம் எண்ணெய்ப் புள்ளி.

விஜிதாவுக்குப் போன் போட்டார்.

“எண்ணெயா?” என்றாள் விஜிதா. “அண்ணாச்சி, அந்தச் சக்கரத்தோட அச்சு முனை ரெண்டும் உள்ள இருக்க காடிப் பள்ளத்துல உரசுனாத்தான் வேகமெடுக்கும். எண்ணெய் விட்டா வழுக்கத்தான் செய்யும். அது கெடக்கட்டும், கை எப்படி இருக்கு?”

“கைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. பந்துக்குத்தான் சரியில்ல” என்று சொல்லி வைத்துவிட்டார். உரசல் வேண்டும், அவ்வளவுதானே?

பந்தைப் பாத்திரம் விளக்கும் சோப்பில் ஊறவைத்துக் கழுவினார். மாடியில் வற்றல் காய்ந்த பாயின் ஓரத்தில் வைத்தார். காக்காய் தூக்கிவிடுமோ என்று சந்தேகம் வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காய்ந்ததும் ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாளை எடுத்து அச்சு முனை இரண்டையும் பரபரவென்று தேய்த்தார். நல்ல உரசல் வரட்டும் என்று காடியையும் ஒரு சுற்று தேய்த்துவிட்டார்.

மாட்டிச் சுற்றியதும் எழும்பிய சத்தத்தில் இசக்கிசெல்வி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

“கிரைண்டருக்குள்ள கரண்டி விழுந்துட்டோன்னு பதறிட்டேங்க!”

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். எண் காட்டும் இடத்தில் சோப்புத் தண்ணீர் இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது.

“ஏங்க, கை நல்லாருக்குன்னு மொதலாளிகிட்ட வாயால சொன்னா என்ன?”

“படத்தைக் காட்டியாச்சுட்டி. இப்பம் குறைஞ்சு போச்சுன்னா, பொய்யி சொன்னேன்னு ஆகாதா?” அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஐம்பத்து நாலு வயதில் ஒரு டிரைவரை டிரிப் ஷீட்டோடு நிரந்தரமாக உட்கார வைத்துவிட்டால், பிறகு எழுப்ப யாரும் வரமாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். இசக்கிசெல்விக்கும் தெரியும். அவள் எண்ணெய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை குருசாமி ஷெட்டுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேச்சிராஜா வண்டி ஓரம் நின்றான். கோமதித்தாய் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ம், சுத்தும்” என்றார் குருசாமி.

வெள்ளத்துரை கயிற்றை இழுத்தார். பந்து பல்லை நறநறவென்று கடித்தது, உதறியது, தீய்ந்த வாடை விட்டது, நின்றது. எட்டிப் பார்த்தார் குருசாமி.

“ஆயிரத்து நூறு. என்னவே இது? ஒரு சைபரை எங்கன விட்டீரு?”

வெள்ளத்துரைக்கு உச்சந்தலை சூடேறியது. “மொதலாளி, இது என் கையில குத்தமில்ல. இந்தா நிக்கானே, இவன் வேலை! பந்து வேகமா ஓடுனா வண்டி கைவிட்டுப் போயிருமேன்னு உள்ள மண்ணைப் போட்டு, அச்சைத் தேச்சு…”

“அண்ணாச்சி!” பேச்சிராஜா முன்னால் வந்தான். “நான் எதுக்கு அண்ணாச்சி ஒங்க பந்தைத் தொடுதேன்? அந்த ரூட்டுல ஏறுத ஆளெல்லாம் ‘வெள்ளத்துரை அண்ணாச்சி எப்பம் வருவாவ’ன்னுதான் என்கிட்ட கேக்காவ. ஒருத்தராவது என் பேரைக் கேட்டிருக்காவளா? நீங்க சீக்கிரம் வந்தா எனக்கு ராஜபாளையம் ரூட்டு. இந்தப் பக்கம் பூ மூட்டை ஏத்தி ஏத்தித் தும்மலே நிக்க மாட்டேங்குது.”

குருசாமி எழுந்தார். “ரெண்டு பேரும் வாயை மூடுங்க. பந்தா வே திருவேங்கடத்துக்குப் போவுது? இந்தாரும்!”

சாவி பறந்து வந்தது. வெள்ளத்துரை இடது கையால் பிடித்தார். பிடித்த பிறகுதான் இடது கை என்று அவருக்கே உறைத்தது.

ஏறி உட்கார்ந்தார். வண்டி ஷெட்டை விட்டு வெளியேறியது. ஒன்று, இரண்டு, மூன்று. கியர் ஒவ்வொன்றும் சொன்னபடி விழுந்தது. மணிக்கட்டில் ஒரு சுருக் கூட இல்லை. ரோட்டில் ஒரு பர்லாங் போய்த் திருப்பி வந்து, வாசல் தூணுக்கும் வண்டிக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு ரிவர்ஸில் நிறுத்தினார்.

குருசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒம்பதே கால் டிரிப்பு ஒம்முடையது. கெளம்பும்.”

பேச்சிராஜாதான் முதலில் கை தட்டினான். வெள்ளத்துரைக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் வண்டியை விட்டு இறங்கியவர் சும்மா இருக்கவில்லை.

“எல்லாம் சரி மொதலாளி. ஆனா பதினோராயிரத்து இருநூத்திப் பதினாலு போட்ட கை இது. அந்தப் பந்தை எவனோ கெடுத்திருக்கான். அது யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன். போலீசுக்கே போவேன்!”

கோமதித்தாயின் கையில் ஈரச் சாக்கு இருந்தது. அதை ஒரே முறுக்கில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்தவள், போலீஸ் என்றதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணாச்சி, போலீசெல்லாம் வேண்டாம். நீங்க படம் பிடிச்ச அன்னைக்குக் காலையில மேசை தொடைக்கையில, அது என்ன சாமான்னு நான்தான் லேசா ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் காட்டுனதும் பயந்துபோயி, அங்கனயே வச்சிட்டேன்.”