இடது பக்கம் திரும்பாதவன்

ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலையை உதறிவிட்டு, துணிப்பையோடு அடி அண்ணாமலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேலை போகும்போதெல்லாம் என் பழைய கூட்டாளி கிரிவலத்தின் நினைப்பு வந்து வயிறு எரியும். இடது பக்கம் திரும்பத் தெரியாமலேயே ஒன்பது வருஷம் சம்பளம் வாங்கிக் கால்பந்து ஆடியவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

கிரிவலம் என்பது கூட ஆடிய நாங்கள் அவனுக்கு வைத்த பெயர். தினமும் விடியலில் பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றி ஓடுவான். மலை அவன் வலது கைப் பக்கமே இருக்க வேண்டும்.

"ஒரு நாளாவது எதிர்ப்பக்கமா ஓடுடா."

"மலையை இடது பக்கம் வெச்சி ஓடுனா உருப்படுவமாடா?"

இதனால் மைதானத்திலும் வலது பக்கம் மட்டுமே திரும்பினான். இடது பக்கம் போக வேண்டுமென்றால் வலது பக்கமாக முக்கால் வட்டம் சுற்றி அங்கே போய்ச் சேர்வான். மறிக்க வந்தவனுக்குத் தலை சுற்றும்.

எனக்கு இரண்டு பக்கமும் வரும். எட்டாவதோடு பள்ளியை விட்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுண்டல் விற்றவன் நான். கூட்டத்துக்கு எதிரே நடந்தால்தான் முகம் பார்த்து விற்க முடியும்.

சென்னையிலிருந்து ஒரு கிளப்காரர் ஆள் எடுக்க வந்தார். கிரிவலம் நடுவில், நான் முன்னால். சுற்றிச் சுற்றி எனக்கு மூன்று பந்து கொடுத்தான். ஒன்றைக் கம்பத்துக்கு மேலே அடித்தேன். இன்னொன்று வேலிக்கு வெளியே மேய்ந்த மாட்டின் மேல் பட்டது. மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் கிளப்காரரிடம் ஓடினேன்.

"சார், அவனுக்கு லெஃப்ட்ல திரும்பவே வராது சார்."

"வராட்டி போவுது. பந்து வந்திச்சில்ல? வந்த பந்தை நீ இன்னா பண்ண?"

அவனை எடுத்தார்கள். நான் லாரி ஷெட், அரிசி ஆலை, கல்யாண மண்டபம் என்று அலைந்தேன். அவன் ஆட்டம் டிவியில் வந்தால், டீக்கடையில் நின்று எதிர் அணிக்குக் கத்துவேன்: "ரைட்ல அடைங்கடா! ஆள் காலி!"

"ஏம்பா, அவன் உங்க ஊர்க்காரன்தான?" என்பார் கடைக்காரர்.

"அதான் கத்துறேன்."

ஒன்பதாம் வருஷம் ஒரு அணி அப்படியே அடைத்தது. கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவன் மாதிரி கிரிவலம் நடு மைதானத்தில் நின்றான். நான் கத்தவில்லை. டீ ஆறிப்போனது. அதன் பிறகு எந்தக் கிளப்பும் அவனைக் கூப்பிடவில்லை.

அடி அண்ணாமலையில் விசில் சத்தம் கேட்டது. திடலில் இருபது பிள்ளைகள் பந்தோடு ஓடினார்கள். இருபதும் வலது பக்கமே சுற்றின. நடுவில், கழுத்தில் விசிலும் சின்னத் தொப்பையுமாகக் கிரிவலம்.

"இன்னாடா, இந்த வேலையும் விட்டுட்டியா?"

"ஆமா."

"இதுங்களைப் பாரு. ஒண்ணுக்கும் லெஃப்ட் வரல. அன்னிக்கு அந்த சார்கிட்ட சொன்னியே, கரெக்ட்டாதான்டா சொன்ன."

"உனக்குத் தெரியுமா?"

"பின்னாடியேதான நின்னேன்! காலையில ஆறு மணிக்கு வந்துடு."

மறுநாள் காலை, இடது பக்கம் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதல் ஆளாக நின்றிருந்தவன் கிரிவலம்.