பர்வதத்தில் பருந்துக் கணக்கு

"இப்பவும் விட்டுட்டீகளா சார்?" என்று கேட்டான் பாக்கர்.

சேதுராமன் கண்ணைத் திறந்தபோது வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. கருடனுக்குப் பின்னால் வந்த கூட்டம் கடலைத் தாண்டிப் போயே போய்விட்டது.

ஐப்பசியில் வடக்கேயிருந்து வரும் கழுகு, பருந்துகளை மலைமேல் நின்று எண்ண வேண்டும் என்பது வன இலாகாவின் உத்தரவு. ராமேஸ்வரத்தில் மலைக்கு எங்கே போவது? மெட்ராஸில் யாரோ வரைபடத்தைப் பார்த்துக் கந்தமாதன பர்வதத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு பனை உயரத்துக்கு ஒரு மணல்மேடு. அதன் மேல் பைனாகுலரும் கையுமாகச் சேதுராமனை ஏற்றிவிட்டார்கள்.

வேலை தற்காலிகம்தான். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து கூடவே நின்று எண்ணுவார். இருவர் கணக்கும் ஒத்துப்போனால் நிரந்தரம். நிரந்தரமானால்தான் மகள் உமையாளைக் கட்டித் தருவேன் என்று மாமா கறாராகச் சொல்லியிருந்தார்.

கஷ்டம் என்னவென்றால், சேதுராமன் திருப்புல்லாணிக்காரர். பெருமாள் கோயில் வாசலில் வளர்ந்த உடம்பு. கருடனைக் கண்டால் போதும், கண் தானாக மூடிக்கொள்ளும், கை கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துத்தான் மற்றதெல்லாம் பறந்து தொலையும்.

அதற்காகத்தான் அடிவாரத்தில் டீ விற்கும் பாக்கரைப் பிடித்து வந்திருந்தார்.

"நான் கண்ணை மூடுறப்ப உன்னைய எண்ணச் சொன்னேனேப்பா?"

"நீங்க கும்புடுறப்ப நான் பராக்குப் பாத்துக்கிட்டு நின்னா மரியாதையா சார்? நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

மறுநாள் சேதுராமன் தன் கைகளைத் துண்டால் பின்னால் கட்டச் சொன்னார். கை எழும்பாவிட்டால் கண்ணும் மூடாது என்று ஒரு நம்பிக்கை. பைனாகுலரைப் பாக்கர் அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். மேட்டின் மேலிருக்கும் ராமர் பாதம் பார்க்க வந்த யாத்திரைக்காரர்கள், இதென்ன வேண்டுதலோ என்று சுற்றிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் திருநீறு பூசிவிட்டாள். யாரோ "கோவிந்தா" என்று எடுத்துக்கொடுக்க, கூட்டமே முழங்கியது. வந்த பறவையெல்லாம் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது.

"நாளைக்கு அதிகாரி வந்துருவாரு. உமையாளுக்கு என்ன பதில் சொல்லுவேன் பாக்கர்?" சேதுராமனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒரே ஒரு நாளைக்குக் கண்ணைத் தொறந்து வச்சிருங்க சார். சாமி கோவிச்சுக்கிறாது."

வெள்ளிக்கிழமை அதிகாரி சேதுராமனுக்குப் பின்னால் நின்று எண்ணினார். கருடன் நேராகத் தலைக்கு மேலேயே வந்து வட்டமடித்தது. சேதுராமன், பெருமாளே மன்னிச்சுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கையை ஆட்டாமல், கண்ணை இமைக்காமல், பின்னால் வந்த பதினாறையும் எண்ணி எழுதினார். வேலைக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக ஒன்றுகூடத் தப்பவில்லை.

அதிகாரி இருவர் தாளையும் ஒப்பிட்டார். தாள்களை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப்போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கிய டிரைவர் வீரபத்திரனைச் சேதுராமன் ஓரமாக இழுத்தார். "என்னண்ணே சொன்னாரு? நிரந்தரந்தானே?"

"எங்க சார். அய்யா கருடனைக் கும்புட்டுக் கண்ணைத் தொறந்தா, நீங்க மரமாட்டம் நிக்கிறீகளாம். அவரு எண்ணுனதுக்கு மேல பதினாறு வேற எழுதியிருக்கீகளாம். கருடனுக்கே பயப்படாத ஆளு பொய்க்கணக்கு எழுதப் பயப்படுவானாங்குறாரு."