கடைசி வரியில் மூடுகிறவர்

திறந்ததை மூடாதவர்கள் ஒரு ரகம். அவர்களைத் திட்டியாவது திருத்திவிடலாம். மூடிவிட்டதாகச் சத்தியம் செய்கிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களை என்ன செய்வது? மென்பொருள் எழுதும் அலுவலகங்களில் வரிசைக்கு ஒருவராவது இந்த ரகத்தில் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒருவர்தான் நம்மவர். அவருக்கு அங்கே ‘கடைசி வரி’ என்றே பெயர்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதிவு மென்பொருள் எழுதியவர் அவர். கவுன்டரில் நோயாளியின் பெயரைத் தட்டியதும் அது தரவுத்தளத்துக்கு ஓர் இணைப்பைத் திறக்கும், விவரத்தை எழுதும், இணைப்பை மூடித் திருப்பிக் கொடுக்கும். மொத்தம் இருப்பதே நூறு இணைப்புகள். மூடும் கட்டளையைக் கடைசி வரியில் லட்சணமாக எழுதியிருந்தார். ஆனால் யாராவது போன் நம்பரில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டால் நிரல் நடுவிலேயே தடுக்கி விழும். கடைசி வரிக்கு வந்தே சேராது. அந்த இணைப்பு திறந்தபடியே மாட்டிக்கொள்ளும், வேறு யாருக்கும் கிடைக்காது. போனது போனதுதான். இப்படி ஒவ்வொன்றாகப் போய், தினமும் பதினொரு மணிக்குள் நூறும் தீர்ந்து, கவுன்டர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிடும். நம்மவர் அசருவாரா?

“நான் மூடிட்டேனே. பாருங்க, கடைசி வரியில இருக்கு,” என்று திரையைத் தொட்டுக் காட்டுவார். காட்டிக் காட்டி அந்த இடமே தேய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்களும் பழகிப்போய், பதினொரு மணிக்குச் சர்வரை அணைத்து மறுபடி போட்டு நூறையும் மீட்பதற்கென்றே ஓர் அதிகாரியை நியமித்து, அவருக்குத் தனி அறையும், அவர் விடுப்பெடுத்தால் அணைக்க ஓர் உதவி அதிகாரியும் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் நம்மவரின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தது. அதே ஆஸ்பத்திரி. மணி பத்து ஐம்பத்தைந்து. பதற்றத்தில் அவர் போன் நம்பரில் ஓர் இலக்கத்தை விழுங்கிவிட்டார். அன்றைக்கு மிச்சமிருந்த நூறாவது இணைப்பும் போயிற்று.

“நின்னுபோச்சு சார்,” என்றாள் கவுன்டர் பெண். “இனி அரை மணி நேரம் ஆகும். பதியாம உள்ள விடமாட்டாங்க.”

“அதெப்படி? நான்தான் கடைசி வரியில மூடிட்டேனே.”

“ஏங்க,” என்றாள் மனைவி, சக்கர நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு. “அந்த வரி வர்றதுக்குள்ள பிள்ளை வந்துடும்.”

நல்லவேளையாக ஒரு நர்ஸம்மா காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் பெயரை எழுதிக்கொண்டு, நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். நாலாவது நிமிஷம் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தையைக் கையில் வாங்கியபோது நம்மவருக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், நிஜமாகவே கலங்கிப்போனார்.

“தப்பு என்னுதுதான். திறக்கிற இடத்துலயே மூடறதுக்கும் சேர்த்து எழுதியிருக்கணும். நடுவுல என்ன ஆனாலும் அது மூடிக்கும்.”

“எப்ப எழுதுவீங்க?”

“எழுதிடறேன். நீ வீட்டுக்கு வந்து, குழந்தை நல்லாத் தூங்க ஆரம்பிச்சு, எல்லாம் ஒழுங்கானதும்...”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்களும் ஏதோ ஒன்றை, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு செய்வதாக ஒதுக்கிவைத்துவிட்டு, செய்தே முடித்துவிட்ட நிம்மதியில் உட்கார்ந்துதான் இதைப் படிக்கிறீர்கள். எதற்கும் எழுந்துபோய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அங்கே யாராவது வலியோடு காத்திருக்கலாம்.