வேலிக்கு மேலால் வந்த பாட்டு

மவுண்ட் ஆல்பர்ட், ஒக்லாந்து
16.05.1995

மன்னார் கன்னியர் மடத்தில் இறைபணி புரியும், என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்ததோ என்று அறிய ஆவல். இங்கே மூத்தவள் மாகிரட்டின் வீட்டில் எல்லோரும் நலம். நான் மட்டும் பதினொரு கிழமையாக நலமில்லாமல் இருந்தேன். ஒடாஹுஹுவில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் பாடகர் குழுவைப் பழக்குபவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். மாசி மாதம் ஒரு பயிற்சியில் என் பெண்சாதி கண்மணியின் குரல் சுருதியை விட்டு எங்கோ போய்விட்டது. நான் எல்லோருக்கும் முன்னால், "நீர் வாயை மட்டும் அசையும், சத்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் கடைசிப் பாட்டு வரை அப்படியே அசைத்தாள். மறுநாள் பையோடு, இங்கே மாசி என்ற ஊரில் இருக்கும் இளைய மகளின் வீட்டுக்குப் போய்விட்டாள். போன் எடுத்தால் இளையவள்தான் பேசினாள்: "அம்மா பக்கத்திலதான் நிக்கிறா அப்பா. வாயை அசைக்கிறா, சத்தம் வரேல்லை."

அதற்குப் பிறகு பின்வளவில் உதிர்ந்து கிடந்த பெய்ஜோவாப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டு திரிந்தேன். அப்படி ஒரு தூறல் பகலில்தான் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் சியோனேயின் ரேடியோ வேலிக்கு மேலால் பாடியது. எசாயா மெரிட் என்ற கறுப்பினப் பாடகர் செத்து இருபது வருடமாம், அந்தக் கிழமை முழுக்க அவரே எழுதி அவரே பாடிய பாட்டுகளாம். அக்கா, அந்தக் குரலை எப்படி எழுதுவேன்! கொடியில் நனைந்த சட்டைகள்கூட ஆடாமல் நின்று கேட்டன. மழை எனக்கு வெளியே பெய்கிறதா உள்ளே பெய்கிறதா என்று தெரியாமல், கையில் பழத்தோடு அரை மணித்தியாலம் நின்றேன். பேர் எசாயா, சொல்லுக்குச் சொல் 'லோர்ட், லோர்ட்'. இது தேவகீதம் இல்லாமல் வேறென்ன? வேறொரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் அந்த மெட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போனது. இறங்கவேண்டிய இடத்தை இரண்டு தரம் தவறவிட்டேன். மூன்றாம் நாள் அதே மெட்டுக்கு, 'ஆண்டவரே, என் கல்மனம் மன்னியும்' என்று தமிழில் எழுதி முடித்தேன்.

போன ஞாயிறு நற்கருணை நேரத்தில் பாடினோம். முன்வரிசையில் ரதிதேவி டீச்சர் கண்ணைத் துடைத்தா. சுவாமியார் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரிசை வாங்கில் இளையவளோடு கண்மணி இருந்ததை நான் அப்போதுதான் கண்டேன், ஆர்மோனியத்தில் விரல் வழுக்கியது. அந்த நேரம் பார்த்து மாகிரட்டின் மகள் சுதர்ஷிகா கோயில் அதிரச் சொன்னாள்: "தாத்தா, தட்ஸ் எ லவ் சாங்!"

மனைவியை நோகடித்த ஒருவன், பூட்டிய கதவுக்கு வெளியே மழையில் நனைந்தபடி அவளைக் கெஞ்சும் பாட்டாம் அது. பூசை முடிந்து தேத்தண்ணி நேரத்தில் கண்மணி நேரே என்னிடம் வந்தாள்.

"நாப்பது வருசத்தில ஒரு மன்னிப்பு உங்கட வாயால வந்ததில்லை. இப்ப முழுச் சனத்துக்கு முன்னால பாட்டாவே கேட்டிட்டியள்."

"அது ஆண்டவரிட்டைக் கேட்டது, கண்மணி."

"ஓம், ஓம். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். பை காரில கிடக்கு, எடுத்துக்கொண்டு வாங்கோ."

வந்துவிட்டாள் அக்கா. எங்கோ ஒரு அமெரிக்க ஊரில் மண்ணுக்குள் கிடக்கிற மனிதர், என் பெண்சாதியை மாசியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். சுவாமியார் மாதாமாதம் அதைப் பாடச் சொல்கிறார். அறியாமல் செய்தது பாவமாகுமோ என்று மட்டும் எழுதுங்கள். மடத்துச் சகோதரிகள் எல்லோருக்கும் என் தோத்திரம். உங்கள் செபமாலையில் ஒரு மணி எங்களுக்காகவும் உருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி
பற்றிக்

பி.கு.: கன்னியாஸ்திரிக்குப் பொய் எழுதிவிட்டுப் படுக்க முடியவில்லை. பாட்டு வந்த அன்றைக்கே சியோனே வேலியில் சாய்ந்து நின்று அதன் பொருளை வரி வரியாகச் சொல்லித் தந்துவிட்டான். கண்மணி அந்த ஞாயிறு வருவாள் என்று இளையவளும் சொல்லியிருந்தாள். தயவுசெய்து இதைக் கண்மணிக்கு எழுதிவிடாதேங்கோ. தெரிந்தால், மெட்டில்லாமல் வசனமாக இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுவாள்.